வாய்தா லாசரஸ்

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் கிளம்பி, பெருங்களத்தூர் வருவதற்குள் லாசரஸ் யாரையாவது ஜன்னலோரம் மடக்கிவிடுகிறார். "வாய்தான்னா இன்னா அர்த்தம், தெரியுமா சார்?" அகப்பட்டவர் திருதிருவென்று விழிப்பார். இவர் மடியிலிருக்கும் கேஸ் கட்டைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"அரபியில அதுக்கு வாக்குன்னு அர்த்தம் சார். உருது வழியா நம்ம கோர்ட்டு கச்சேரிக்கு வந்துச்சு. 'இந்தத் தேதிக்குக் கிஸ்தி கட்டிடறேன்'னு குடியானவன் வாக்குக் குடுப்பான் பாருங்க, அதான் வாய்தா. தள்ளிப்போடறதுன்னு பின்னால ஆக்கிட்டானுங்க." எதிர் பெஞ்சில் தினமும் வருகிற கேசவன் இதை ஒப்புக்கொண்டதே இல்லை. "வுடு நைனா. வாய் கீறவன் வாங்கறது வாய்தா. இதுக்கு எதுக்கு அரபிக்காரன்?" அதன்பிறகு வண்டலூர் வரைக்கும் பெட்டியில் சிரிப்புதான்.

லாசரஸ் வக்கீல் குமாஸ்தா. வக்கீல் வராத நாளில் முன்சீப் முன்னால் எழுந்து வாய்தா கேட்பது இவர் பொறுப்பு. பாதி குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, குரலில் கொஞ்சம் ஜுரத்தைக் கலந்து கேட்பார். கல்லும் கரையும். கேட்டுக் கேட்டு அதுவே சுபாவமாகிவிட்டது. பல் பிடுங்கப் போன இடத்தில், "டாக்டர், ஒரு வாரம் வாய்தா குடுங்க" என்று கெஞ்சி, வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்த மகராசன்! யாராவது உரத்த குரலில் "ஆட்சேபம் உண்டா?" என்றால் போதும், இவர் கால் தானாக எழுந்துவிடும்.

இதெல்லாம் வேடிக்கைதான், ஞானசௌந்தரிக்குத் தவிர. அவர் பல்லாவரத்தில் டீச்சர். அறுபத்தாறு மே மாதம் இருவருக்கும் நிச்சயமாயிற்று. தங்கை பிரசவம் ஆகட்டும் என்றார் லாசரஸ். அப்புறம் கூரை மாற்றட்டும், மழை விடட்டும் என்றார். அறுபத்தெட்டும் பிறந்துவிட்டது. ஒரே சபைக்காரனான எனக்கே அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. கடைசியில் டீச்சர் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா என்னை மறந்துடுங்க."

போன மாதம் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைச் சபைமுன் வாசித்து, தடை உண்டா என்று கேட்பது எங்கள் ஆலய வழக்கம். பனையோலை போய்க் காகிதம் வந்தும் அதற்கு ஓலை என்றே பெயர். அன்று புழுக்கம் வேறு, பிரசங்கமும் நீளம். ஆண்கள் பக்கம் என்னருகில் மாப்பிள்ளை சுகமாகக் கண்ணயர்ந்திருந்தார். போதகர் இரண்டு பெயரையும் வாசித்து, "ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்" என்றார்.

மாப்பிள்ளை எழுந்தார். பாதி குனிந்தார். தலை ஒருபக்கம் சாய்ந்தது.

"எங்க வக்கீல் ஹைகோர்ட்ல மாட்டிக்கினாருங்க. தயவுபண்ணி ஒரு வாய்தா!"

ஆலயமே குலுங்கியது. பாடகர் குழுவில் ஒருவர் பெஞ்சிலிருந்து நழுவியே விட்டார். அடக்கப் பார்த்த போதகருக்கே அங்கி ஆடியது. ஞானசௌந்தரியின் அண்ணன் எட்மண்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "கெளம்பு ஞானம், வூட்டுக்குப் போலாம்" என்று எழுந்தார். சட்டென்று சத்தம் அடங்கிவிட்டது. லாசரஸுக்கு அப்போதுதான் தூக்கம் கலைந்து, தான் செய்த காரியம் விளங்கியது. முகத்தில் ஈயாடவில்லை.

பெண்கள் பக்கம் ஞானசௌந்தரி எழுந்து நின்றார். ஆனால் வாசலைப் பார்க்கவில்லை.

"அதுக்கு அரபியில என்ன அர்த்தம்னு ரயில்ல போறவங்களுக்கெல்லாம் சொல்றீங்களாமே. எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லலை. இப்பச் சொல்லுங்க."

பாதி ஜில்லாவுக்குச் சொன்ன சங்கதி. அன்று முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"வாக்கு" என்றார்.

"சபைக்குக் கேக்கலை."

"வாக்குங்க!"

"யாருக்குக் குடுத்த வாக்கு?"

லாசரஸ் என் காலைத் தாண்டி, நடுவழியில் விரித்த பாயைக் கடந்து, எந்த ஆணும் உட்காராத பெண்கள் பக்கம் போனார். ஞானசௌந்தரியின் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஞானசௌந்தரியும் உட்கார்ந்து, பாட்டுப்புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.