புது எஸ்எம்பிஎஸ், பழைய ஒயர்

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். கோமதி போன் செய்தாள்.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர் திரும்பவும் அணைஞ்சிட்டு. ரெண்டு நாள்ல அஞ்சாவது தடவை. திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு வேலையைக் குடுக்கணும். குடுக்கலைன்னா நான் பெங்களூருக்கே போய்ச் சேர வேண்டியதுதான்.”

சங்கரன்கோவிலில் இருபத்தைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். அவசரம் என்று சொல்லாத வாடிக்கையாளரை இதுவரை பார்த்ததில்லை. கோமதியின் அவசரம் மட்டும் உண்மையானது. இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் நாம் நடந்து போகிற மாதிரி படம் செய்து கொடுப்பது அவள் வேலை. கம்பெனி பெங்களூரில். இரண்டு வருஷம் அங்கே இருந்து பார்த்தாள், தூக்கமே வரவில்லை. அங்கே சத்தம் இல்லையாம். இங்கே வீட்டின் கீழ்த்தளத்தில் அவள் அப்பா மாடசாமிக்கு ஆறு விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்தச் சடசடப்பில் பிறந்து வளர்ந்தவள். கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்தாள். இந்த ஒரு வேலையை நேரத்துக்கு முடித்தால் அனுமதி நீடிக்கும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

எனக்கு அவளைப் புரியும். நானும் சத்தத்தில் சொக்குகிறவன்தான். பேன் சுற்றும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்தால் எங்கோ போய்விடுவேன். “கண்ணைத் தொறந்துகிட்டே உறங்குத மனுசன்” என்று என் மனைவி சொல்வாள். பொய் இல்லை.

பொசுக்கென்று போவது

கோமதி வீட்டு மாடியறையில் அந்த மெஷின் இருந்தது. பிராசசரைக் தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேல் கோமதியே ஓவர்க்ளாக் செய்திருந்தாள். போதாததற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று.

“அணையும்போது எப்படி அணையுது? ப்ளூ ஸ்கிரீன் வந்து மூஞ்சியக் கோணிக்கிட்டு நிக்குதா, இல்ல பொசுக்குன்னு போயிருதா?”

“பொசுக்குன்னுதான்.”

தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஓவர்க்ளாக் ஒத்துக்கொள்ளாவிட்டால் மெஷின் பெரும்பாலும் உறைந்து நிற்கும், அல்லது ப்ளூ ஸ்கிரீன் காட்டும். எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, தாங்காவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும்.

ஊகம் போதாது. ஓவர்க்ளாக்கை எடுத்துவிட்டு முழு லோடு கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓடியது. திரையில் கோமதி செய்த வீடு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே மாலை வெயில் யாரும் உட்காராத ஒரு சோபாவில் விழுந்தது. கீழே தறிகள், மேலே பேன். நான் அந்த வீட்டுப் படியேறிப் போனேன், பால்கனியில் நின்றேன், துணி காயப்போட இடம் பார்த்தேன். நிஜமாகச் சொல்கிறேன், அங்கே காற்றுகூட அடித்தது.

“அண்ணாச்சி, காப்பி ஆறுது” என்றாள் கோமதி.

மறுபடி ஓவர்க்ளாக் வைத்து ஓட்டினேன். பதினோராவது நிமிஷம் பொசுக்கென்று போனது.

“வேகத்தக் கொறச்சுக்கிட்டு ஓட்டுனா என்ன?”

“ஓட்டலாம். படம் திங்கக்கிழமை ராத்திரிதான் முடியும். காலையில ஒம்பது மணிக்குக் கேக்காவ அண்ணாச்சி.”

ஆக, எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும்.

ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும்

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் பன்னிரண்டு வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்ப் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த லைனில்தான். ஓவர்க்ளாக் செய்த பிராசசர் பந்தியில் இரண்டு இலை போடச் சொல்கிற ஆள். கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குகூட இழுக்கும். எல்லாவற்றையும் கூட்டி, மேலே மூன்றில் ஒரு பங்காவது இருப்பு வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். கோமதியின் பழைய பெட்டி ஐநூற்றைம்பது வாட்ஸ். எண்ணூற்றைம்பது வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை காலையில் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கியது. கையில் எடுத்தால் நல்ல கனம்.

இதுவரை நான் செய்தது எல்லாம் சரி.

நான் செய்த காரியம்

மெஷினின் பின்பக்க மூடியைக் கழற்றினால் அப்படி ஓர் அழகு. ஒயர்களையெல்லாம் மாடசாமி தறியின் பாவு நூலால் கட்டிவைத்திருந்தார். ஒவ்வொரு முடிச்சும் நெல்மணி அளவு.

“நூலு அறுந்தா முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகுன கை வே” என்றார்.

பெரிய ஒயர்களைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டியின் ஒயர்களைப் போட்டேன். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் ஒயர் மட்டும் மதர்போர்டின் பின்னால் எட்டு முடிச்சோடு கிடந்தது. அதை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. நுனியைப் புதுப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், டக்கென்று உட்கார்ந்தது. கீழே தறிச் சத்தம் தாலாட்டிக்கொண்டிருந்தது. சரியாகத்தானே உட்காருகிறது என்று விட்டுவிட்டேன்.

ஸ்விட்சைப் போட்டேன். பேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. லேசாக ஒரு கருகல் வாடை.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டுப் போட்டேன். மெஷின் நன்றாக ஓடியது. டிஸ்கை மாட்டினேன், நின்றது. மறுபடி கழற்றினேன், ஓடியது.

“அதுலதான் எல்லாம் இருக்கு” என்றாள் கோமதி. “பென் டிரைவ்ல இருக்கது பத்து நாளைக்கு முந்துனது.”

 கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்து நாள் வேலையை ஒன்றரை நாளில் யாரும் செய்ய முடியாது.

மாடசாமிதான் வாயைத் திறந்தார். “கரண்டுதான் வே. காலையில இருந்தே லைட்டு மங்கி மங்கி எரியுது. என் மோட்டாரே உறுமுச்சு. டிஸ்கு என்ன செய்யும்?”

கோமதி என்னைப் பார்த்தாள். “கரண்டா அண்ணாச்சி?”

எங்கள் தொழிலில் கரண்டு ஒரு வாயில்லா ஜீவன். எந்தப் பழியைப் போட்டாலும் சுமக்கும், திருப்பிப் பேசாது. நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

மாடசாமி வருத்தத்தோடு காப்பி எடுத்துவரப் போனார். நான் ஒயர்களைச் சும்மா கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டரை எடுத்து அந்தப் பழைய ஒயரின் நுனியில் வைத்தேன். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு காட்டியது.

சொருகும் வாய் எல்லாப் பெட்டிக்கும் ஒன்று போலவே இருக்கும். உள்ளே எந்தக் கம்பியில் எது வரும் என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, நான்கு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

மாடசாமி காப்பியோடு திரும்பி வந்தார். நான் வாங்கவில்லை.

“கரண்டு இல்லண்ணே. நான்தான். பழைய ஒயரப் புதுப் பெட்டில சொருகிட்டேன். டிஸ்கு அதுலதான் போச்சு, கோமதி.”

மாடசாமி டம்ளரைக் கீழே வைத்தார். கோமதி கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள்.

“இருவத்தஞ்சு வருச சர்வீஸுல்லா அண்ணாச்சி?” என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிஸ்கைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஐந்து வோல்ட் வாசலில் பன்னிரண்டு வந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த வாசலில் இருப்பவன்தான் முதலில் அடி வாங்கியிருப்பான். டிஸ்கின் அடியில் இருக்கும் போர்டில் இதற்கென்றே காவலுக்கு ஒரு டயோடு வைத்திருப்பார்கள், துவரம்பருப்பில் பாதி இருக்கும். அளவுக்கு மேல் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. மல்டிமீட்டரை வைத்தேன், பீப் என்று அலறியது. அது செத்திருந்தது. அதைத் தாண்டி எதுவும் போகாமலும் இருந்திருக்கலாம்.

கடைக்கு ஓடிப்போய் சால்டரிங் அயர்னையும் புதிதாக ஒரு டிஸ்கையும் எடுத்துவந்தேன். மெஷினை ஓடவிடாமல் நிறுத்தியது அந்த ஷார்ட்தான், அதனால் டயோடைக் கழற்றினேன். காவல் இல்லாத டிஸ்கைப் பிறகு வைத்து ஓட்டக் கூடாது, உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ள மட்டும்தான். புதுப் பெட்டியோடு வந்த ஒயரை மாட்டினேன். இந்தத் தடவை நூலை அறுத்துவிட்டேன். மாடசாமியே கத்தரிக்கோல் கொடுத்தார்.

ஸ்விட்சைப் போட்டேன். பேன் நிற்கவில்லை. டிஸ்க் சுற்றுகிறதா என்று காதை வைத்தேன், தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“இரும் வே” என்று மாடசாமி கீழே இறங்கிப் போனார். ஒவ்வொன்றாக ஆறு தறியும் நின்றன.

அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. தெருவில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டியதுகூடக் கேட்டது. பிறகு டிஸ்கின் சத்தம் வந்தது. மெல்லிசாக, ஒரே சீராக. கோமதி குனிந்து காதை வைத்தாள். தலை முடி டிஸ்கின் மேல் விழுந்தது. ஒதுக்கிவிடக்கூட இல்லை.

“ஓடுது” என்றாள்.

திரையில் ஃபைல்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு மாற்றி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கனவு எதுவும் காணாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓவர்க்ளாக்கிலேயே படத்தை உருவாக்கும் ரெண்டர் ஓடியது, ஒரு தடவைகூட அணையவில்லை. திங்கள் காலை எட்டே காலுக்கு அனுப்பிவிட்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மதியம் பதில் வந்தது.

கடைசியாக

மறுவாரம் கோமதி கடைக்கு வந்தாள்.

“கரண்டுன்னே நீங்க விட்டிருந்தா நாங்க நம்பியிருப்போம். பெறகு ஏன் சொன்னிய?”

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் பிறகுதான் பிடிபட்டது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு எழுதுகிறேன். பழைய பெட்டி போகும்போது அதன் ஒயரும் கூடவே போக வேண்டும், அது எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும். இது சின்னப் பாடம். பெரிய பாடம் வேறு. கரண்டு என்றால் எது வேண்டுமானாலும் எரிந்திருக்கலாம், எங்கே என்று தேடுவது? தேடியிருக்க மாட்டேன். என் தப்பு என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், எந்த இடத்தில் என்ன எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அன்று தலையாட்டியதோடு காப்பியைக் குடித்துவிட்டு வந்திருந்தால் கோமதி பெங்களூர் போயிருப்பாள். உயிரோடு இருந்த ஒரு டிஸ்கைக் குப்பையில் போடச் சொன்னவன் நான் என்பது எனக்கே கடைசிவரை தெரிந்திருக்காது.