ஆயுத பூஜையன்று உறைந்த உப்பு

மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் நான் வேலை செய்யும் பட்டறையில் ஒரு பேட்டரி இருக்கிறது. இரும்புப் பெட்டி, உள்ளே உப்பு. அந்த உப்பு வெல்லப்பாகு மாதிரி உருகிக் கிடந்தால்தான் மின்சாரம் ஓடும், ஆறினால் கல்லாகிவிடும். அதனால் அதைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரை இரவும் பகலும் அணைக்க மாட்டோம்.

ஆயுத பூஜைக்கு நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வீட்டோடு இருந்துவிட்டேன். பட்டறையில் பூஜை செய்தது தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த தம்பி. எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவன். அவன் ஊரில் அன்றைக்கு இயந்திரங்களுக்கும் ஓய்வு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டு, பக்தியோடு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் உப்பு உறைந்திருந்தது.

"அட பாவி! இதுக்குமா லீவு குடுப்ப?"

"பூஜையன்னைக்கு மெஷின் ஓடக்கூடாதேன்னு நெனச்சேன்க்கா."

பாஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "செத்துப்போச்சு லா. இவன் பெர்மிட்ட நான் புதுப்பிக்க மாட்டேன். ஊருக்குப் போகட்டும்."

தம்பியின் சம்பளத்தில்தான் அவன் தங்கை கல்லூரியில் படிக்கிறாள்.

இந்த உப்பைத் திரும்ப உருக்கலாம். ஆனால் அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் குழாய்கள் விரிசல் விடும். அதோடு எல்லாம் முடிந்தது. ஹீட்டரைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றினோம். தம்பி பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், வாங்கி வைத்தேன், தொடவில்லை.

மறுநாள் மாலை உப்பு உருகி, மின்சார மீட்டரில் எண்கள் ஏறின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ் எட்டிப் பார்த்தார்.

"பொழச்சிருச்சா? ஓகே லா."

"இவன் பெர்மிட், பாஸ்?"

"அது வேற கத. நான் சொன்னா சொன்னதுதான்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஹீட்டர் சுவிட்சில் கையை வைத்தேன். "அப்படின்னா இத அணைச்சிர்றேன். நீங்களே எழுப்பிக்குங்க."

பாஸ் அசையவில்லை. தம்பிதான் ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

"வேணாம்க்கா. என்னைய அனுப்பினா அனுப்பட்டும். இப்பத்தான் அதுக்கு உயிர் வந்திருக்கு."

பெட்டியின் மேல் அவன் வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. பாஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாளைக்குப் பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வா, பெர்மிட்ட புதுப்பிக்கணும்" என்று அவனிடம் சொன்னார்.