இரண்டு ஹெலன்கள்

ஹெலனின் அப்பா பால்ராஜ், வீட்டுக்காரர் பாலகிருஷ்ணன். கல்யாணமானதும் அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவருடையதைப் போட்டுக்கொள்வது கோலார் தங்கவயலில் பெண்கள் வழக்கமாகச் செய்வதுதான். அவளும் செய்தாள். தமிழில் அன்றும் பா. ஹெலன், இன்றும் பா. ஹெலன். ஆங்கிலத்தில் மட்டும் P போய் B வந்தது. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

பெங்களூரில் பட்டுப்புழு நோய்களை ஆராயும் நாலு ஆய்வுக்கூடங்கள் ஒரே மானியத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் ஹெலன் விஞ்ஞானி. 2003இல் அடுத்த கட்ட நிதிக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று பார்க்க, யார் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார்கள் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டார்கள். ஆளுக்கொரு புள்ளி, சேர்ந்து எழுதியவர்களுக்கு நடுவே ஒரு கோடு. பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம் கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியும்? P. ஹெலன் நட்டநடுவில் நாலு கூடங்களோடும் சேர்ந்து ஜம்மென்று இருந்தாள். B. ஹெலன் ஓரத்தில் ஒற்றைக் கோட்டோடு கிடந்தாள்.

திட்டத் தலைவர் சிவசங்கரன் டில்லியிலிருந்து புதிதாக வந்தவர். அவளை அறைக்குக் கூப்பிட்டு, அடுத்த கட்டத்தில் அவள் பெயர் இருக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த இன்னொரு ஹெலன் இப்போது எங்கே, அவரைத் திரும்ப வரவழைக்க முடியுமா என்றும் கேட்டார்.

"ரெண்டும் நான்தான் சார். அது எங்க அப்பா எழுத்து, இது எங்க வீட்டுக்காரர் எழுத்து."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வேலை பிழைத்தது. ஆனால் அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டு புள்ளிகளைச் சேர்த்தாலும் ஒன்றைத் தவிர கோடுகள் எல்லாம் பழையவைதான். கல்யாணத்துக்குப் பிறகு ஏன் எல்லாம் நின்றுபோனது என்று கேட்டார்.

சிரித்து மழுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அவளை யாரும் துரத்தவில்லை. நாலு கூடத்துக்காரர்களும் சாயங்காலம் டீக்கு உட்கார்ந்துதான் புது வேலைகளைப் பங்கு போடுவார்கள். கடந்த ஐந்து வருஷமாக அந்த நேரத்தில் அவள் குழந்தையைக் கூட்டிவர அடுகோடிக்கு பஸ் பிடித்துக்கொண்டிருப்பாள். பாவம், தொந்தரவு வேண்டாம் என்று நல்ல மனதோடுதான் எல்லோரும் விட்டுவிட்டார்கள். அந்த நல்ல மனசை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. மழுப்பாமல் டீ விஷயத்தை அவரிடம் அப்படியே சொன்னாள்.

"அந்த ஹெலனைத் தேடினீங்க சார். இந்த ஹெலனை யாருமே கூப்பிடலையே."

சிவசங்கரன் டைரியைத் திறந்தார். பிறகு, "வேலையைப் பங்கு போடுற கூட்டத்தை எத்தனை மணிக்கு வெச்சா உங்களுக்கு சரிவரும்?" என்றார்.

"காலைல பத்து மணிக்கு சார்."

இவ்வளவு சின்ன பதிலைச் சொல்ல ஐந்து வருஷம் ஆகியிருக்கிறதே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையாக வந்தது.