மூன்று நாள் மூடிய படங்கு

நான்கு ஆண்டுகளுக்கு முன், நவராத்திரியின் கடைசி நாட்களில், மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்தது இது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டேன். அது ஆறுவதாக இல்லை. ஆகவே ஆறாத கோபத்தோடேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வளவில் நின்றவை கஞ்சாச் செடிகள். என் மனைவி இருபது ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஈரத் துணிப்பொதிகளைத் தூக்கியவள். முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்த பின் இடுப்பிலிருந்து பாதம்வரை ஓடும் நரம்பு வலி அவளோடு தங்கிவிட்டது. மாத்திரைகள் வலியைக் குறைத்தன. கூடவே அவளையும் குறைத்தன. பகலெல்லாம் மயக்கம், உண்டது தங்காது. இறுதியில் மருத்துவர் எழுதிக் கொடுக்க, மத்திய அரசின் அனுமதியும் அவள் பெயருக்கு வந்தது. எங்கள் கியூபெக் மாகாணத்தில் மற்றவர்கள் தங்கள் வீட்டில் இதை வளர்க்கக் கூடாது. மருத்துவ அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்தப் பத்திரம் எங்கள் கடவுச்சீட்டுகளோடு ஒரே உறையில் இருக்கிறது. நாங்கள் செய்தது குற்றமன்று. குற்றவாளிகளைப்போல நடந்துகொண்டதுதான் குற்றம்.

கடையில் விற்கும் எண்ணெய்கள் அவள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. பல வகைகளைச் சோதித்து, ஒத்துவந்த ஒரு வகையைக் கண்டுபிடித்து, அதில் நான்கு செடிகளைக் கருவிக் கொட்டிலுக்குப் பின்னால் வெயில் விழும் வேலியோரம் நட்டாள். அவற்றிலிருந்து எடுக்கும் எண்ணெயில்தான் அவளுடைய குளிர்காலம் முழுவதும் ஓடும். மாலையில் சில துளிகள் உட்கொண்டால் இரவில் நான்கு மணி நேரமாவது உறங்குவாள்.

புரட்டாசி பிறந்தபோது செடிகள் என்னைவிட உயர்ந்து நின்றன. ஒவ்வொரு கிளை நுனியிலும் என் முழங்கை நீளத்துக்குப் பூக்கதிர். பார்க்கப் பெருமையாக இருக்கும். ஆனால் கதிர் பருக்கப் பருக்கத்தான் ஆபத்து. மழைநீர் உள்ளே இறங்கித் தங்கினால், வெளியே பச்சையாக இருக்கும்போதே நடுவில் சாம்பல் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். இந்த ஊரில் அறுவடைக்கு முந்திய மூன்று கிழமையும் மழை, காற்று, காலைப் பனி என்று மாறி மாறி வரும். அவள் அதற்கெல்லாம் ஒரு முறை வைத்திருந்தாள். மரச்சட்டம் அடித்து, மேலே மட்டும் ஒளி புகும் நெகிழித்தாளால் கூரை போட்டிருந்தாள். நான்கு பக்கமும் திறப்பு. கனத்த கிளைகளைப் பழைய சேலைக் கிழிசல்களால் தடியோடு கட்டியிருந்தாள். காற்று நுழைவதற்காக உட்புற இலைகளைக் கிள்ளிவிடுவாள். சாரல் அடித்த மறுநாட் காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய், ஒவ்வொரு கிளையாக உதறி நீரை உதிர்ப்பாள். ஈரத்தைவிட அடைப்புத்தான் எதிரி என்று எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். இதை நான் அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பவும் எனக்கு வழியில்லை.

கதிர்களின் மேலுள்ள பிசின் மணிகள் பால் நிறத்துக்கு மாறி அறுவடைக்குத் தயாராக இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்று அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துச் சொன்ன அன்றுதான் பக்கத்து நகரான லவாலிலிருந்து என் தமையன் தொலைபேசியில் அழைத்தார்.

விசயதசமியன்று அவருடைய பேரனுக்கு ஏடு தொடக்க வேண்டும். ஊரில் நான் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதுவிப்பது என் கைதான். இம்முறை எங்கள் வீட்டிலேயே வைப்போம், அந்த நாளோடு சேர்த்துக் கடைசி மூன்று நாள் பூசைக்கும் வருகிறோம், சம்பந்தி வீட்டாரும் வருவார்கள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, பின்னால நிக்கிற சாமானைச் சனம் கண்டா என்ன நினைக்கும்? வாத்தியார் வீட்டில கஞ்சாத் தோட்டமாம் எண்டு லவால் முழுக்கக் கதைக்குங்கள். ஒரு படங்கைப் போட்டு மூடி விடு. மூண்டு நாள்தானே."

இதே தமையன் வீட்டுக் கொண்டாட்டங்களில் நிலவறையில் மதுப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். அதைக் கண்டு எவரும் எதுவும் நினைப்பதில்லை. அதை நான் அவரிடம் கேட்கவில்லை. "ஓம் அண்ணை" என்றேன்.

கடைக்குப் போய், வண்டிச் சுமைகளை மழைக்கு மூடும் நீர் புகாத நீல நிறப் படங்கு ஒன்று வாங்கிவந்தேன். கூரை மீது போர்த்தி நான்கு பக்கமும் நிலம்வரை இறக்கி, கவ்விகளால் இறுக்கி, கீழே செங்கல் வைத்தேன். மணம் வெளியே வரக் கூடாது என்று கொட்டிலடியில் சாம்பிராணியும் போட்டேன். அவ்வளவு அக்கறை.

அந்த நாட்களில் மனைவிக்கு வலி கடுமையாக இருந்தது. வருபவர்களுக்குச் சமைக்கவும் வேண்டும். படியிறங்கிப் பின்வளவுக்குப் போக அவளால் முடியவில்லை. சமையலறைச் சாளரத்தில் பார்த்தால் கொட்டில்தான் மறைக்கும். பலத்த மழை வருமாம், அதனால் படங்கு போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். மழை வரத்தான் செய்தது. ஆகையால் பொய்யும் உண்மைபோல இருந்தது. சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"பக்கம் திறந்துதானே விட்டனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் நான்கு ஆண்டுகளாகச் சுமக்கிறேன்.

முதல் நாள் முழுவதும் மழை. இரண்டாம் நாள் மேகம் விலகி, அந்த மாதத்துக்குச் சற்றும் பொருந்தாத வெயில் அடித்தது. படங்கின் உட்புறம் நீர்த்துளிகள் முத்து முத்தாகத் தொங்குவதை ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது. வாசலில் தமையனின் வண்டிச் சத்தம் கேட்டது. மூலையை மறுபடி இறக்கிச் செங்கலை வைத்தேன்.

விசயதசமிக் காலையில் வீடு நிறைந்த சனம். பிள்ளை என் மடியில் அமர்ந்து, விரலைத் தந்து, அரிசியைக் கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டு எழுதினான். எல்லாரும் கைதட்டினார்கள். சம்பந்தி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கலைமகளின் படத்துக்கு முன்னால், பொய் சொன்ன வாயால் நான் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

பகல் உணவுக்கு எல்லாரும் உட்காரப் பின்வளவில் கதிரைகள் போட்டிருந்தோம். தமையனின் மருமகன், பிள்ளையின் தகப்பன், தட்டோடு உலாவியவன் நீலப் படங்கைக் கண்டான்.

"என்ன மாமா, தேரை மூடி வைச்ச மாதிரி வைச்சிருக்கிறியள்? எப்ப இழுக்கிறம்?"

எல்லாரும் சிரித்தார்கள். தமையனும் சிரித்தார். நானும் சிரித்து, "தக்காளி" என்றேன். பின்கதவில் பாயசச் சட்டியோடு நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. முற்றாக மூடினால்தானே தேர்போல இருக்கும்? அவள் முகத்தில் அந்தக் கணக்கு முடிந்ததை நான் கண்டேன். சட்டியை மேசையில் வைத்தாள். எல்லாருக்கும் பரிமாறினாள்.

கடைசி வண்டி புறப்பட்டதும் கைத்தடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் தாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். கவ்விகளை அவளே கழற்றினாள். படங்கு விழுந்ததும் சோற்றுப்பானை திறந்ததுபோல ஆவி எழுந்தது. செடிகள் பச்சையாகவே நின்றன. ஒரு கணம் எனக்கு மூச்சு வந்தது. அவள் மிகப் பெரிய கதிரைப் பிடித்து, அதில் பழுப்பேறிய ஒரு சிறு இலையை மெல்ல இழுத்தாள். வலிந்து இழுக்கவே தேவையில்லை, கையோடு வந்தது. பெருவிரலால் கதிரைப் பிளந்தாள். உள்ளே சாம்பல். தொட்டதும் புகைபோலப் பறந்தது. அடுத்த கதிர், அதற்கடுத்தது, அடுத்த செடி. எல்லாவற்றிலும் நடுவில் அதே சாம்பல்.

பூஞ்சை பரவாதபடி கத்தரிக்கோலை மதுசாரத்தில் துடைத்துத் துடைத்து, அழுகலுக்கு ஒரு சாண் கீழே நறுக்கிக்கொண்டே போனாள். பொழுது சாயும்போது கழிவுப் பைகள் ஆறு நிரம்பியிருந்தன. தேறியது ஒரு செடியின் அடிக்கிளைகளில் இருந்த சிறு பூக்கள். பூசைக்குப் பூக் கொய்யும் கூடையில் அரைவாசி. அப்போதுதான் வாய் திறந்தாள்.

"மழை செய்யேல்ல இதை. என்ர வலியைவிட உங்களுக்கு ஆக்களின்ர கண் பெரிசாப் போச்சு."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் தமையன் அழைத்து, எல்லாம் சிறப்பாக நடந்தது என்றும், நல்ல காலம் ஒருவரும் காணவில்லை என்றும் சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக அவரிடம் கத்தினேன். உங்கள் போத்தல்களுக்கு முதலில் படங்கு போடுங்கள் என்றேன். இன்னும் பல சொன்னேன். அவை அச்சிலேறத் தக்கவை அல்ல. "ஒரு செடிக்கு இவ்வளவு சண்டையோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார். அவர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அவர் சொன்னார், அவ்வளவுதான். கவ்வியை இறுக்கியது என் கை. அவளுக்கு விடை சொன்னது என் வாய்.

கூடையிலிருந்த பூவில் எடுத்த எண்ணெய் தை பிறக்கும் முன்னரே தீர்ந்துவிட்டது. பிறகு பழைய மாத்திரைகள். மாசியின் உறைபனியில் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, படுக்கவும் முடியாமல் எழவும் முடியாமல், தொடையை இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டிருப்பாள். நான் வெந்நீர்ப் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொள்வாள். அந்தக் குளிர்காலத்தில் ஒருமுறைகூட அவள் படங்கைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருக்கலாம் என்று நான் ஏங்கிய இரவுகள் பல.

அடுத்த ஆண்டு அந்த நீலப் படங்கைக் கீலம் கீலமாக வெட்டி எறிந்தேன். இப்போது நவராத்திரிக்கு வருபவர்கள் வேலியோரம் நிற்பது என்னவென்று கேட்டால், கஞ்சா என்கிறேன், மனைவியின் மருந்து என்கிறேன். சிலர் இரண்டாம் முறை வருவதில்லை. வராதிருக்கட்டும்.

மழை பெய்த ஒவ்வொரு முறையும் அவள் இன்றும் கேட்கிறாள், பக்கம் திறந்திருக்கிறதா என்று. ஓம் என்கிறேன், உண்மையாகவே திறந்திருக்கிறது. ஆனாலும் அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு, அந்த வலியோடு படியிறங்கி, தானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். அந்த ஒவ்வொரு படியிலும் என் மீது எனக்குள்ள கோபம் புதிதாகிறது. அது ஆறிவிடக் கூடாது என்பதே என் வேண்டுதல், ஏனெனில் ஆறினால் என் கை மறுபடியும் ஒரு படங்கைத் தேடும்.