எந்தத் தோட்டமென்று தெரியாத ஆறு அடுக்குப் பலகை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஸ்டோருக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பலகை அடுக்குகளெல்லாம் சந்தனம், குங்குமத்தோடு கல்யாணப் பெண் மாதிரி நின்றன. டேக்குகள் மஞ்சள், பச்சை, நீலம், மறுபடி மஞ்சள், பச்சை, நீலம் என்று வரிசை தப்பாமல் தொங்கின. பார்க்க அழகுதான். ஆனால் அப்படித் தொங்கவே கூடாது.

ஏனென்று சொல்கிறேன். நிபோங் திபாலில் எங்கள் மேசை, நாற்காலி கம்பெனி. கடை ஜார்ஜ்டவுனில். பால் குறைந்துபோய் வெட்டிய ரப்பர் மரம்தான் எங்கள் சரக்கு. மூன்று தோட்டங்களிலிருந்து வரும், தோட்டத்துக்கு ஒரு நிற டேக். லோரியில் இறங்கி, அறுத்து, சூளையில் காய்ந்து, மேசையாகும் வரை டேக் கூடவே போகணும். கடைசியில் மேசைக்கு அடியில் ஓர் அட்டை ஒட்டுவது இந்த வருஷத்துப் புது ஏற்பாடு. போனில் ஸ்கேன் செய்தால் எந்தத் தோட்டம், எப்போது வெட்டியது, எல்லாம் வரும். அந்த விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. தீபாவளிக்குத்தான் முதன்முதலாக அட்டையோடு மேசைகள் கடைக்குப் போகவேண்டியிருந்தது.

யார் பார்த்த வேலை இது என்று கேட்டேன். ஸ்டோர் பார்க்கும் முனியாண்டி அண்ணன் பெருமையாக முன்னால் வந்தார். டேக்கையெல்லாம் கழற்றி, தூசி துடைத்து, அடுக்குக்கு அடுக்கு பொட்டு வைத்தாராம்.

"நீலமெல்லாம் ஒரே மூலையில கெடந்துச்சு தங்கச்சி, பாக்க நல்லாவே இல்ல. கலந்து மாட்டிட்டேன்."

எந்த முகத்தோடு திட்டுவது? டேக்கில் கை வைக்காதீர்கள் என்று நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. பூஜையில் சுண்டலை இரண்டு தடவை வாங்கித் தின்றவளும் நான்தான். அன்றே நிமிர்ந்து பார்த்திருக்கலாம், இல்லையா?

மூன்று நாள் அண்ணனும் நானும் அளவு டேப்பும் கையுமாக அலைந்தோம். சூளை ரெக்கார்டில் ஒவ்வோர் அடுக்கும் எந்தத் தோட்டத்தது, அதில் எத்தனை பலகை, என்ன கனம், என்ன நீளம் என்று இருக்கும். எண்ணி, அளந்து, பொருந்தியதற்குச் சரியான டேக்கை மாட்டினோம். ஒன்று பொருந்தினால் அண்ணன் சின்னப்பிள்ளை போல் கை தட்டுவார். நானும் தட்டினேன். ஆறு அடுக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஆறிலும் ஒரே கனம், ஒரே நீளம், ஒரே எண்ணிக்கை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷன், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்.

"எல்லாமே ரப்பர் மரந்தானே? ஏதாச்சும் ஒரு தோட்டத்து பேர போட்டுரு. யாருக்கு தெரியப் போவுது?"

"எனக்கு தெரியுமே, முதலாளி."

பேனாவை மேசைமேல் போட்டார். ஓர் அட்டையில் பொய் எழுதினால் மற்ற எதிலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உள்ளுக்குள் பயம்தான், இந்தக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாச்சே. சாயங்காலம் அவரே வந்து, என்னமோ எழுதித் தொலை, விற்காமல் நின்றால் உன் வீட்டில் கொண்டுவந்து இறக்குவேன் என்றார்.

அந்த ஆறு அடுக்கில் செய்த மேசைகளின் அட்டைக்கு எழுதினேன்: 'இந்த மேசையின் மரம் எங்கள் மூன்று தோட்டங்களில் ஒன்றிலிருந்து வந்தது. எதுவென்று எங்களுக்குத் தெரியாது. பூஜைக்குச் சுத்தம் செய்தபோது டேக்கை மாற்றி மாட்டிவிட்டோம்.'

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை முதலாளியும் நானும் கடையில் இருந்தபோது கெலுகோரிலிருந்து ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். தேக்கு என்று நம்பி வேறெங்கோ வாங்கிய கட்டில் ஒரே வருஷத்தில் உப்பிப்போனதாம். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனிந்து ஸ்கேன் செய்தார். போனில் என்ன வேண்டுமானாலும் எழுதி வைக்கலாமே என்று முணுமுணுத்தார். பிறகு 'தெரியாது' என்று எழுதிய மேசைக்கு வந்தார். படித்தார். மறுபடி படித்தார். முதலாளி முகம் சுண்டிப்போனது. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தெரியாதுன்னு எழுதுன கடைய இப்பதான் பாக்குறேன். அப்ப மத்ததுல எழுதுனத நம்பலாம் லா."

தோட்டத்துப் பெயர் போட்ட மேசை ஒன்றை ஆறு நாற்காலியோடு எடுத்தார். அடுத்து வந்த குடும்பத்தை முதலாளி நேராகத் 'தெரியாது' மேசைக்கே கூட்டிப்போய், முதலில் இதைப் படியுங்கள் என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, தெரியாததைத் தெரியாது என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் தெரியும் என்று எழுதியதை ஜனங்கள் அப்போதுதான் நம்புவார்கள்.