கேட் பாஸில் யார் பெயர்

“கார்டு கூட இல்லடி, எல்லாம் போன்லதான். சார்ஜ் போச்சுன்னா வேலையும் போச்சு.”

ஆம்பூர் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இருந்த அக்கா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். இருவரும் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகிறவர்கள். அந்தக் கம்பெனியின் கேட் பாஸைச் செய்தவள் நான்தான். சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

போனில் கார்டு, டிக்கெட் சேர்த்து வைக்கும் வாலட் செயலிக்கு ஒரு பாஸ் செய்வது பத்து நிமிட வேலை; அதை யார் தருகிறார் என்று நிரூபிப்பதில்தான் உயிர் போகும். சின்ன ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் பெயருக்காக அல்லாடும் உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பெயர்

பைபாஸ் ஓரத்துப் பிரியாணிக் கடைக்காரர் ஒருவர், பத்து முறை சாப்பிட்டால் ஒன்று இலவசம் என்று போனில் கார்டு கேட்டு வந்தார். என் முதலாளி ஷஃபி பாய் பக்கத்தில் இருந்த தைரியத்தில் நானே விளக்கினேன். போன் தயாரிக்கும் கம்பெனியிடம், செயலி செய்பவர்களுக்கான டெவலப்பர் கணக்கைக் கடையின் பெயரில் தொடங்க வேண்டும். அவர்கள் பதிவுக் காகிதங்களைச் சரிபார்த்த பிறகே டிஜிட்டல் சான்றிதழ் கிடைக்கும். நாம் அனுப்பும் ஒவ்வொரு கார்டும் அந்தச் சான்றிதழின் கையெழுத்தோடு போகும். இல்லையென்றால் எதிர்க் கடைக்காரர் உங்கள் பெயரில் கார்டு விட்டுவிடலாம்.

கடைசிக் காரணம் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் அவர் கொண்டுவந்த காகிதங்கள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. எந்தப் பெயரில் கணக்கு தொடங்குவது என்று கேட்டேன். “போர்டு எங்க தாதா, அப்பாவோட அப்பா பேரு, லைசென்ஸ் அண்ணன் பேரு, ஜிஎஸ்டி வீட்டம்மா பேரு. பிரியாணி மட்டும்தாம்மா என் பேரு” என்றார்.

பெயர் வேண்டாதவர்

ஷூ கம்பெனி மேனேஜரிடம் எல்லாக் காகிதமும் இருந்தது, எல்லாவற்றிலும் ஒரே பெயர். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். ஷஃபி பாய் சந்தோஷமாக, “உங்க பேர்லயே கணக்கு தொடங்கிடலாம் சார்” என்றார். மேனேஜர் தலையாட்டவில்லை. எங்கள் கணக்கிலேயே, எங்கள் சான்றிதழிலேயே போடச் சொன்னார்.

அலைச்சலுக்குச் சோம்பல்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாஸில் தொழிலாளியின் படம், எண், செக்ஷன். கீழே பொடி எழுத்தில், வழங்குபவர் என்ற இடத்தில் எங்கள் ஆபீஸின் பெயர். கம்பெனி லோகோவை மேலே வைக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். “எங்க பேரு எங்கயும் வரக் கூடாதும்மா. கேட் திறந்தா போதும்.”

சேர்ந்த நாள்

சான்றிதழுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். முடிந்துவிட்டால் பழைய பாஸ் வேலை செய்யும், புதிதாக ஒன்றும் போனில் ஏறாது. புதுப்பிக்கச் சொல்லி எனக்கு மூன்று மெயில் வந்திருந்தது. அதற்கான ரகசிய எண் ஷஃபி பாயின் போனுக்குத்தான் வரும். அவர் தங்கை கல்யாணத்துக்காக வாணியம்பாடியில் இருந்தார். கல்யாண வீட்டுக்குப் போன் போட எனக்குக் கூச்சம். நாளைக்குக் கேட்கலாம் என்று இரண்டு நாள் விட்டேன்.

மூன்றாம் நாள்தான் ஆட்டோவில் அந்த அக்காவைப் பார்த்தது. அன்று புதிதாகச் சேர வந்த ஒருவர் போனிலும் பாஸ் ஏறவில்லை. என்னைக் கேட்டுக்கு வரச் சொன்னார்கள். ஓடினேன். வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஷஃபி பாயைப் பிடித்து எண்ணை வாங்கி, எல்லாம் சரியாகும்போது மதியச் சங்கு ஊதிவிட்டது. அந்த அக்காவின் பெயர் ஜெயந்தி என்று அவர் பாஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். “இன்னா மேடம், உள்ள சேர வந்தேன். கேட்டுக்கு வெளியவே சேர்த்துட்டீங்களே” என்று சிரித்தார்.

முந்தா நாள் தேதி

நான்கு மாதம் கழித்து மேனேஜர் போன் செய்தார். ஜெயந்தியின் பாஸை ரத்து செய்ய வேண்டுமாம். சாதாரணமாக நடப்பதுதான், வேலையை விட்டிருப்பார் என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினேன். அவர் போனில் பாஸ் சாம்பல் நிறமாகியிருக்கும். மேனேஜர் போனை வைக்கவில்லை. “முந்தா நாள் தேதி போட்டு ரத்து பண்ண முடியுமா?”

வெளியே போன நேரம்

ஜெயந்தி அக்கா ஆபீஸுக்கு வந்தபோது வலது கையில் பெரிய கட்டு. தோல் வெட்டும் பிரஸ் இறங்கியதில் இரண்டு விரல் போய்விட்டது. நான் ரத்து செய்ததற்கு முந்தைய நாள்; மேனேஜர் கேட்ட, எங்கள் சிஸ்டம் ஏற்காத ‘முந்தா நாள்’ அதற்கும் ஒரு நாள் முன்னால். ஆஸ்பத்திரியில் எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனியோ, எங்களிடம் அப்படி ஒருவர் வேலையே செய்யவில்லை என்றுவிட்டது. அங்கே வேலை செய்ததற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பாஸ். போனை என்னிடம் நீட்டினார். சாம்பல் நிறம். கீழே எங்கள் பெயர்.

“அப்போ நான் உங்ககிட்டயா மேடம் வேலை செஞ்சேன்?”

ஷஃபி பாய் என்னைத் தனியே கூப்பிட்டார். “பெரிய பார்ட்டிம்மா. நமக்கு ஏன் பேஜாரு?” என்றவர், டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார்.

பாஸ் போடச் சொல்லி மேனேஜர் அனுப்பிய மெயிலைத் தேடினேன். அதில் நாற்பத்தோராவது பெயர் ஜெயந்தி. எங்கள் சர்வரில் கேட் ஸ்கேனரின் பதிவு இருந்தது. விபத்து நடந்த நாளில் உள்ளே வந்த நேரம் 7.52. வெளியே போன நேரம் காலி. பின்பக்கக் கேட் வழியாக வேனில் கொண்டுபோனார்களாம், அங்கே ஸ்கேனர் கிடையாது.

இரண்டையும் அச்செடுத்தேன். பிறகு, டெவலப்பர் கணக்கோ சான்றிதழோ கேட்காத பழைய முறையில், அந்தத் தாள்களின் அடியில் பேனாவால் ‘வழங்குபவர்’ என்று எழுதி, அதன் கீழ் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருடைய இடது கையில் கொடுத்தேன்.