ஞானதீபம் தேர்ந்தெடுத்த திருப்புளி முனை

கொற்கைத் துறையின் முத்தைப் பாடியோர் பலர். அம்முத்துக்காக மூச்சடக்கி மூழ்கியோரைப் பாடியோரும் உளர். அதே கரையில், ஒரு திருகாணியின் தலை சிதையாமல் காப்பதற்காக இரண்டு பகல் பாடுபட்ட பெண்ணொருத்தியை எவரும் பாடியதாகத் தெரியவில்லை. அவளுக்கும் அவளுக்குத் துணைநின்றோர்க்கும் நன்றி கூறும் பொருட்டே இச்சிறு வரலாறு.

அவள் பெயர் ஞானதீபம். தூத்துக்குடியில் பெரிய கோயிலுக்குத் தெற்கே, கடற்காற்று நேரே நுழையும் சந்தொன்றில் அவள் வீடு. ஊரார் அவளைத் 'தையல் மிஷின்காரி' என்பர். அவள் தைப்பவள் அல்லள், மிஷின்களைப் பழுதுபார்ப்பவள். அத்தொழிலை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஒரு பிழையே கற்பித்தது. கன்னியர் மடத்துத் தையற்கூடத்தில் பயிலும் நாளில், ஊசியைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைக் கைக்குக் கிடைத்த திருப்புளியால் திருக முயன்று, அதன் தலையிலிருந்த பிளவைக் கிழித்துவிட்டாள். மாற்றுத் திருகாணி சென்னையிலிருந்து வந்து சேரும்வரை அந்த மிஷின் மூன்று மாதம் ஊமையாய்க் கிடந்தது. பொறுப்பிலிருந்த அமலோற்பவம் சிஸ்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கெட்டுப்போன திருகாணியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார், அவ்வளவே. "ஏசியிருந்தா மறந்துபோயிருப்பேன்" என்று ஞானதீபம் பின்னாளில் சொல்வதுண்டு. அந்தத் திருகாணி ஒரு தீப்பெட்டியில், செபமாலைக்கு அருகில், எப்போதும் இருந்தது.

அவள் கணவன் ரோச், 'சலேத்து மாதா' என்னும் தோணியில் மாலுமி. கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிச் செல்லும் பாய்மரத் தோணி அது. தோணியை நடத்தும் தலைவரைத் தண்டல் என்பர். சலேத்து மாதாவின் தண்டல் இனிகோ, ரோச்சுக்குப் பெரியப்பன் மகன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு தை மாதத்தில், மன்னார் கடற்பரப்பில் திடீரெனக் காற்று மாறியபோது, பாய்க்கயிறு ரோச்சின் வலக்கையைக் கப்பியோடு சேர்த்து இழுத்தது. இனிகோ இடுப்பிலிருந்த மடக்குக்கத்தியை எடுத்தார். கத்தி விரியவில்லை. நகத்தால் இழுத்தார், பல்லால் கடித்து இழுத்தார், அலகு அசையவில்லை. இறுதியில் விறகு பிளக்கும் கோடாலியால் கயிற்றை வெட்டினார். கை பிழைத்தது, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

அன்றுமுதல் அந்தத் தோணியில் ஒரு கட்டளை பிறந்தது. ஒரு கை கயிற்றைப் பற்றியிருக்க, மறுகையால் தன் கத்தியை விரிக்க இயலாதவன் சலேத்து மாதாவில் ஏறலாகாது. பயணத்துக்கு முந்தைய ஞாயிறு பூசை முடிந்ததும், மாலுமிகள் ஒவ்வொருவராய்த் தண்டல் முன்னே விரித்துக் காட்டுவர். கட்டுப்போட்ட கையோடு கிடந்த ரோச்சே, அது நல்ல கட்டளை என்று சொன்னான். அக்கட்டளைதான் அவனைக் கரையில் நிறுத்திவிட்டது. இடக்கை கயிற்றுக்கு வேண்டும். வலக்கையிலோ பெருவிரலும் ஓரத்து இரு விரல்களும் மட்டுமே மிச்சம். கடைகளில் கிடைக்கும் மடக்குக்கத்திகளின் மூட்டு ஆணியறைந்து இறுக்கப்பட்டது; அதைத் தளர்த்த வழியில்லை. மூன்றாண்டுகள் உப்பளத்துக் காவலுக்குப் போனான். தோணிகள் புறப்படும் நாளில் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு, கடல் அடங்கிப் பருவம் திறக்கும் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் இனிகோ அந்தச் சந்துக்குள் வந்தார். துணியில் சுற்றிய பொருளொன்றை ஞானதீபத்தின் முன்னே வைத்தார்.

"ஏளா, இத இங்கன வச்சுக்கோ. பண்டாரி கெழவன் புன்னைக்காயல்ல மக வீட்டோட போயிட்டாரு. அடுப்படிக்கு ஆளில்ல. திங்கக்கெழம கொழும்புக்குக் கெளம்புதோம்."

தோணியின் சமையற்காரனைப் பண்டாரி என்பது அவர்கள் வழக்கு. ரோச் வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

"அடுப்பூதுதவனும் கத்தி விரிக்கணும்லா, அண்ணாச்சி?" என்றாள் அவள்.

"விரிக்கணும். ஒங்க வீட்டுக்காரனுக்காகச் சட்டத்த மாத்துனா நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்? அதுக்குத்தான் இதக் கொண்டாந்தேன்."

துணிக்குள் இருந்தது அன்று விரியாத அதே கத்தி. இருபது ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமியொருவனிடம் ஒரு சங்கைக் கொடுத்து இனிகோ வாங்கியது. அகன்ற அலகு, கருங்கொம்புப் பிடி. மூட்டில் ஆணியில்லை, திருகாணி. அதனை அரைக்கால் திருகு தளர்த்தினால் மூன்று விரலுக்கும் அலகு இணங்கும். ஆயின் திருகாணி கல்லாய் இறுகிக் கிடந்தது. அதன் பிளவும் ஒரு பக்கம் உதடு பிதுங்கிச் சிதைந்திருந்தது.

"யாரு கை வச்சது?"

"நாந்தான். தோணித் திருப்புளியால நேத்துத் திருகிப் பாத்தேன். வழுக்கிட்டு."

"கதவுக் கீலுக்கு உள்ளத வச்சா மூக்குத்தியத் திருகுவாக?" என்றாள். இன்னும் ஒருமுறை வழுக்கினால் பிளவு முற்றும் அழியும். பிறகு துளையிட்டுத்தான் அகற்ற வேண்டும், அவ்வளவில் கத்தியும் போகும். ஞாயிறு பூசைக்கு இரண்டு நாளே இருந்தது.

அவளிடமிருந்த மிஷின் திருப்புளிகள் அனைத்தும் அப்பிளவுக்கு ஒல்லியானவை. ஆகவே கத்தியையும் எடுத்துக்கொண்டு சந்தை ரோட்டில் நயினார் அண்ணாச்சியின் இரும்புக்கடைக்குச் சென்றாள். துறைமுக ஏலத்தில் எடுத்த பெட்டியொன்று அங்கே இருந்ததை அவள் அறிவாள். ஒரே கைப்பிடியில் மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளும் சிறு முனைகள் அதில் நாற்பதுக்கு மேல் கிடந்தன. கடையில் அவற்றைப் 'பிட்டு' என்பர். நயினார் முதலில் எடுத்து நீட்டியது வெல்வெட்டுப் பெட்டியில் வரிசையாய் மின்னிய ஒரு தொகுதி.

"கண்ணாடி மாதிரி இருக்கு பாரு, யம்மா. வெளிநாட்டுச் சரக்கு."

"மின்னுதது பூச்சு, அண்ணாச்சி. உள்ள என்ன இரும்போ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

அவள் பையிலிருந்து மரக்கட்டையொன்றை எடுத்தாள். அதில் பழைய மிஷின் திருகாணி ஒன்று இறுக முறுக்கப்பட்டிருந்தது. மின்னும் முனையொன்றைக் கைப்பிடியில் செருகி அதன்மேல் வைத்து, மணிக்கட்டின் வலுவெல்லாம் கொடுத்துத் திருகினாள். திருகாணி அசையவில்லை, முனைதான் மெழுகாய் முறுகிக்கொண்டது. நயினார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதத்தான் இம்புட்டு நாளும் வித்துக்கிட்டிருந்தேனா?" என்றார்.

"இன்னும் எத்தனையத்தான் முறுக்கப்போற?" என்று அவரே அடுத்துக் கேட்டார்.

"நல்லது முறுகாது. கெட்டது முறுகினா ஒங்களுக்குத்தான் லாபம்."

"கத்திரிக்கா பொறுக்குத மாதிரில்லா பொறுக்குத."

"கத்திரிக்கா சொத்தையானா கொழம்புதான கெடும், அண்ணாச்சி."

நயினார் சிரித்துவிட்டார். முக்காலியொன்றை நகர்த்திப் போட்டு, ஏலப் பெட்டி முழுவதையும் கவிழ்த்துக் கொட்டினார். மாலைவரை அவளை அவர் எழுப்பவில்லை. இடையில் ஒரு கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். வேறொரு வணிகர் அவ்வாறு பொறுத்திருப்பாரா என்பது ஐயமே.

அவள் தேர்ந்த முறையை இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் அரத்தால் ஒவ்வொரு முனையின் ஓரத்தையும் மெல்லத் தடவினாள். அரம் ஆழப் பதிந்தால் அது மெத்தென்ற இரும்பு, முறுகும். அரம் சற்றும் பதியாமல் கண்ணாடிமேல் போல் வழுக்கினால் அது மிகையாய்க் காய்ச்சியது, சடக்கென ஒடியும். தயங்கித் தயங்கிப் பதிவதே வேண்டியது. இச்சோதனையில் தேறியவை ஒன்பது. எல்லாம் பூச்சற்ற கறுத்த முனைகள். அடுத்து, அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தாள். ஆப்புப்போல் நுனி நோக்கிச் சரிந்து ஒடுங்கும் முனை பிளவின் வாயில் மட்டுமே ஒட்டும். திருகும்போது மேலே ஏறி வழுக்கும். இனிகோவின் திருப்புளி செய்த தீங்கு அதுதான். இரு முகமும் இணையாக இறங்கும் முனையே பிளவின் அடித்தளம்வரை உட்காரும். அவ்வகையில் எஞ்சியவை மூன்று. அவற்றுள் பிளவின் நீளத்தை நிறைத்து, கொம்புப் பிடியைத் தீண்டாத அகலமுடையது ஒன்றே.

அந்த ஒன்றும் நூலளவு தடித்திருந்தது. "சக்கரத்துல ஒரு இழுப்பு இழுத்தாச் சரியாயிரும்" என்றார் நயினார். அவள் மறுத்தாள். சாணைச் சக்கரத்தில் தீப்பொறி பறந்தால் இரும்பின் உறுதியும் உடன் பறந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய், சனிக்கிழமை முற்பகல் முழுவதும் எண்ணெய்க்கல்லில் தேய்த்தாள். பத்து இழுப்பு இந்த முகம், பத்து இழுப்பு அந்த முகம். நடுவே பிளவில் வைத்துப் பார்த்தல். கோயில் மணி பன்னிரண்டு அடிக்கையில் முனை பிளவுக்குள் இறங்கி நின்றது. கையை எடுத்தும் சாயவில்லை.

பிற்பகலில் இனிகோ மீண்டும் வந்தார். ஞானதீபம் மெல்லிய இரும்புக்கம்பியொன்றை அடுப்பில் காய்ச்சி, திருகாணியின் தலைமேல் வைத்துப் பொறுத்தாள். தேன்நிறத்தில் ஏதோ இளகிக் கசிந்தது. சந்தெங்கும் மீன்வாடை எழுந்தது.

"இது துரு இல்ல, அண்ணாச்சி. என்ன பூசுனிய?"

"சுறா எண்ணெதான். தோணிப் பலகைக்கு வருஷாவருஷம் அதத்தான பூசுதோம். கடத்தண்ணி அண்டாதுல்லா. இருவது வருஷமா பூசுதேன்."

"பலகைக்கு அது நல்லது. காஞ்சா மேல தோலு மாதிரிப் படியும், தண்ணி எறங்காது. மூட்டுக்குள்ள படிஞ்சா அது பசை. அலகப் பிடிச்சுக்கிடும்."

இனிகோ அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்றாண்டாய் உப்பின்மேலும் விதியின்மேலும் அவர் போட்டிருந்த பழி அப்போது அவர்மேல் வந்து இறங்கிற்று.

"அப்ப அன்னைக்கு அது விரியாமப் போனது..."

வலையை விட்டு ரோச் எழுந்து வந்தான். "அண்ணாச்சி, கோடாலிய எடுத்தியள்ளா. கைய வெட்டாம கயித்த வெட்டுனிய. மீதி வெரலால மூணு வருஷமாச் சோறு திங்கேன். அத நெனச்சுக்கிடுங்க."

ஞானதீபம் சிலுவை போட்டுக்கொண்டாள். முனையைப் பிளவில் நிறுத்தி, முதலில் திருகாமல், உடலின் பாரத்தைக் கைப்பிடிமேல் செங்குத்தாக இறக்கினாள். பிறகே மணிக்கட்டைத் திருப்பினாள். உலர்ந்த கிளை முறிவது போல் ஓரொலி. முறிந்தது முனையோ என்று மூவரும் குனிந்தனர். முனை முழுதாய் இருந்தது. திருகாணி கால்வட்டம் திரும்பியிருந்தது.

எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, பிதுங்கிய உதட்டைத் தட்டிச் சமனாக்கி, மிஷின் எண்ணெய் இரு துளி விட்டு மீண்டும் பூட்டினாள். அதன்பின் ரோச்சின் கையில் கொடுத்தாள். இறுக்கம் என்றான், அரைக்கால் தளர்த்தினாள். அலகு ஆடுகிறது என்றான். அதில் பாதி இறுக்கினாள். ஏழாம் முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை. அலகை விரித்தான், தொடையில் அழுத்தி மடக்கினான், மீண்டும் விரித்தான். அந்த நிலையில் திருகாணி நகராதிருக்க, அண்டைவீட்டு ஜெயசெல்வியிடம் நகப்பூச்சு வாங்கி ஒரு துளி இட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து கடற்கரையில் மாலுமிகள் கூடினர். இடக்கையால் கயிற்றைப் பற்றி நின்ற ரோச்சைப் பார்த்து ஒருவன் கேட்டான்: "ஏலே, கத்திக்கும் நகச்சாயமாலே? கல்யாணத்துக்கா போகுது?"

"ஒன் வாயத் தைக்கப் போகுது" என்றான் ரோச். சொல்லி முடிக்குமுன் வியர்த்த பெருவிரல் வழுக்கிற்று. சிரிப்பு அடங்கியது. இனிகோ முகத்தில் அசைவில்லை. ரோச் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மீண்டும் வைத்தான். அலகு ஒரே இழுப்பில் விரிந்து வெயிலில் நின்றது.

"அரிசி எத்தன படி வேணும்னு இப்பவே பாத்துக்கோ" என்றார் இனிகோ. "கடசியில வந்து இல்லன்னு சொல்லப்பிடாது."

அதுவே அவர் தந்த வேலை உத்தரவு.

திங்கட்கிழமை புலர்ந்தபின் ஞானதீபம் அமலோற்பவம் சிஸ்டரையும் நயினார் அண்ணாச்சியையும் மனத்தில் நிறுத்தித் தோத்திரம் சொல்லிக்கொண்டு கரைக்கு வந்தாள். கறுத்த முனையும் கைப்பிடியும் ஒரு புட்டி மிஷின் எண்ணெயும் ரோச்சின் பெட்டியில் இருந்தன. சுறா எண்ணெய்ப் பானை தோணியின் பலகைகளுக்கெனத் தனியே இருந்தது. பாய் விரிந்தது. முகங்கள் அடையாளம் தெரியாத தொலைவுக்குத் தோணி நகர்ந்தது. அப்போது அதன் பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை ஒன்று எழுந்தது. பண்டாரி உலை மூட்டிவிட்டான். புகை கண்ணுக்கு மறையும்வரை அவள் நின்றாள். பின்பு மடத்துத் தையற்கூடத்தில் நின்றுபோயிருந்த மிஷினொன்றைப் பார்க்கப் புறப்பட்டாள்.